கடந்து போகிறவர்களும் குடியிருப்பவர்களும்

பண்டாரவளை மலைகளுக்கு அடியில் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் ஓடுகிறது. டயரபா நீர்த்தேக்கத்தில் தொடங்கும் அது, எல்ல–வெல்லவாய வீதிப் பக்கம் கரந்தகொல்லையில் நிலத்துக்குள் ஆழமாக அமைத்த மின்நிலையத்துக்குத் தண்ணீரைக் கொண்டு போகிறது. மகாவலியோடு போய்ச் சேர வேண்டிய உமா ஓயாவை மறித்து, மலையைக் குடைந்து, மொனராகலை, அம்பாந்தோட்டைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குத் திருப்பிவிடும் திட்டம். மின் உற்பத்தி 120 மெகாவாட். 2008இல் ஆரம்பித்து வைத்தார்கள். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரானிய ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து திறந்து வைத்தார்.

இரண்டு விழாக்களுக்கும் நடுவே பதினாறு வருடங்கள் கிடக்கின்றன. அந்த வருடங்களில் எங்கள் ஊர் பட்டதைப் பற்றித்தான் எனக்கு அக்கறை. 2014 டிசம்பர் 24ஆம் திகதி, சுரங்கம் குடையும் இயந்திரம் வெடிப்பு விட்ட பாறைப் பகுதி ஒன்றுக்குள் நுழைந்தது. மலைக்குள் காலங்காலமாகத் தேங்கியிருந்த நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. மேலே இருந்தவர்களுக்கு அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. நத்தார் நேரம், மழைக்காலம் வேறு. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. கிணறுகளில் நீர் இறங்கியது. ஊற்றுகள் நின்றன. தலைமுறை தலைமுறையாகக் குளித்த பீலிகள் வற்றின. வயல்கள் வெடித்தன. கடைசியில் வீட்டுச் சுவர்கள்.

நிலத்தடி நீர் வெறுமனே குடிக்கக் கிடக்கும் நீர் இல்லை. மண்துகள்களுக்கு இடையே நின்று மண்ணைத் தாங்குவதும் அதுதான். அது வடிந்தால் மண் அமிழும். அமிழும்போது எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமிழாது. வீட்டின் ஒரு மூலை இறங்கும், மறு மூலை அப்படியே நிற்கும், நடுவில் சுவர் பிளக்கும். பண்டாரவளை, எல்ல, ஹாலிஎல, வெலிமடைப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் அப்படிப் பிளந்தன. அந்த நாட்களில் வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வைப்பது வீட்டுக்கு வீடு பழக்கமாயிற்று. அடுத்த மாதம் பார்த்தால் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருக்கும். இன்னொரு கோடு, இன்னொரு திகதி. பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைத்த அதே சுவர்களில்தான் இதையும் குறித்தார்கள்.

2017 ஜூனில் பண்டாரவளை நகரம் கடைகளை அடைத்துக்கொண்டு வீதிக்கு வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பிக்குமார், வியாபாரிகள், விவசாயிகள், தோட்டத் தொழிலாளர் என்று எல்லோரும் ஒரே வீதியில் நின்ற அபூர்வமான நாள் அது. தண்ணீர் போனால் எல்லோருக்கும்தான் போகிறது.

அம்பாந்தோட்டையின் தாகத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. அங்கே குளம் வற்றிய வருடங்களில் விவசாயி பட்ட பாடு உண்மையானது, மின்சாரமும் நாட்டுக்கு வேண்டியதுதான். என் மனத்தை விட்டுப் போகாத கேள்வி வேறு. ஒரு பெரிய கட்டுமானத்தை வடிவமைக்கும்போது அது தாங்குமா என்று கணக்குப் போடுகிறார்கள். சுரங்கம் இடிந்து விழாதா, பாலம் வண்டியைத் தாங்குமா, தண்டவாளம் மழையில் நிற்குமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். இவை எல்லாம் அந்த வழியால் கடந்து போகும் பொருளுக்கும் ஆட்களுக்குமான கணக்கு. வழிக்கு மேலேயோ கீழேயோ பக்கத்திலோ குடியிருப்பவர்களுக்கான கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது?

இந்தக் கேள்வி பண்டாரவளைக்கு மட்டும் உரியது என்றால் ஒரு மனுவோடு நிறுத்தியிருப்பேன். பூமி நடுங்கும் ஊர்களில் வானத்தில் சாலை போட்டு வாழ்கிறவர்களின் வரலாற்றை வாசிக்க வாசிக்க, கடலுக்கு அப்பாலும் இதே கேள்வி நிற்பதைக் கண்டேன்.

கலிபோர்னியாவில் ஓக்லண்ட் நகரின் மேற்குப் பகுதி ரயில் தொழிலாளர்களின் பேட்டை. கண்டத்தைக் கடந்து வரும் ரயில்பாதை முடிகிற இடம் அது. ரயில்களில் படுக்கை விரித்து, பெட்டி தூக்கி, பயணிகளுக்குப் பணிவிடை செய்த கறுப்பினத்தவர் அங்கே வீடு வாங்கி, தேவாலயம் கட்டி, சங்கம் அமைத்து வாழ்ந்தார்கள். 1950களில் அந்தப் பேட்டையின் நடுவே சைப்ரஸ் என்ற இரண்டு தட்டு நெடுஞ்சாலையைத் தூண்களில் நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. ஊர் இரண்டாகப் பிரிந்தது. 1957இல் சாலை திறந்தது. புறநகரிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் அந்த ஊரை மிதிக்காமல் அதன் மேலே பறந்தார்கள். கீழே இருந்தவர்களுக்கு இரைச்சலும் புகையும் நிழலும் மிஞ்சின.

1989 ஒக்டோபர் 17ஆம் திகதி மாலை 5.04க்கு லோமா பிரீட்டா நிலநடுக்கம் வந்தது. அளவு 6.9. சைப்ரஸின் மேல்தட்டு கீழ்த்தட்டின் மீது விழுந்தது. அந்த நிலநடுக்கத்தில் இறந்த 63 பேரில் 42 பேர் அந்த ஒரே சாலையில் நசுங்கி இறந்தவர்கள். அன்று மாலை அந்த வட்டாரத்தின் இரண்டு பேஸ்போல் அணிகளும் இறுதிச்சுற்றில் மோதவிருந்ததால் பலர் நேரத்தோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கை பெருகியிருக்கும்.

சாலை முழுவதும் விழவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். பழைய சதுப்பு நிலத்தின் சேற்று மண்மீது நின்ற தூண்கள்தான் முறிந்தன. இறுகிய மண்மீது நின்ற பகுதி தப்பியது. 1971இல் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வந்த சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த அபாயத்தை அதிகாரிகள் அறிந்திருந்தார்கள். 1977இல் சைப்ரஸின் தட்டுகளை உருக்கு வடங்களால் இழுத்துக் கட்டினார்கள். ஆனால் தூண்களை வலுப்படுத்தும் வேலை பிந்திப் போயிற்று. பூமி அதற்குக் காத்திருக்கவில்லை.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி அடுத்தது. சாலை விழுந்ததும் முதலில் ஓடி வந்தவர்கள் கீழே குடியிருந்த ஏழைகள். ஏணிகளைச் சாத்தி, கயிறுகளைக் கட்டி, பக்கத்துப் பட்டறைகளிலிருந்து தூக்கு வண்டிகளைக் கொண்டு வந்து, கொங்கிறீட் தட்டுகளுக்கு இடையில் ஊர்ந்து போய், மேலே சிக்கியவர்களை இறக்கினார்கள். முப்பது வருடமாகத் தங்கள் தலைக்கு மேலால் போனவர்களை அவர்கள்தான் காப்பாற்றினார்கள். அதன் பிறகு ஒன்றுகூடி, இந்தச் சாலையை மறுபடி எங்கள் ஊருக்குள் கட்டாதே என்று நின்றார்கள். அரசாங்கம் இறங்கி வந்தது. புதிய சாலை ரயில் முற்றங்களைச் சுற்றிக்கொண்டு போய் 1997இல் திறந்தது. பழைய சாலை நின்ற இடத்தில் மரங்கள் நட்ட அகன்ற வீதி ஒன்று இருக்கிறது. அதற்கு மண்டேலாவின் பெயர்.

ஜப்பானின் கோபே வேறு பாடம். 1995 ஜனவரி 17ஆம் திகதி அதிகாலை 5.46க்கு வந்த நடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். ஹன்ஷின் உயர்நெடுஞ்சாலை 600 மீட்டருக்கு மேல் தூணோடு பக்கவாட்டில் சாய்ந்தது. அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஜப்பானியர் அந்தச் சாலையை இருபது மாதங்களில் மீட்டார்கள். 1996 செப்டெம்பர் கடைசியில் வண்டிகள் முழுத் தூரமும் ஓடின. உலகம் வியந்தது, வியக்கத்தக்கதுதான். வீடிழந்து தற்காலிகக் கூடங்களில் தங்கியவர்களில் கடைசிக் குடும்பங்கள் வெளியேறியதோ 2000 ஜனவரியில். சாலைக்கு இருபது மாதம், மனிதர்களுக்கு ஐந்து வருடம். அந்தக் கூடங்களில் தனியாக இறந்து, நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்ட முதியவர்கள் பலர். எவ்வளவு திறமையான நாடாக இருந்தாலும் வழிதான் முதலில் திரும்புகிறது.

இலங்கை நிலநடுக்க நாடில்லை என்று சிறு வயதில் படித்தோம். பெரும்பாலும் உண்மை. 1615இல் கொழும்பைக் குலுக்கிய நடுக்கம் பழைய ஏடுகளில் இருக்கிறது. நம் காலத்தில் 2020இல் கண்டிப் பக்கம் திகனவில் சிறு அதிர்வுகள் வந்தன. விக்டோரியா அணைக்கட்டு பக்கத்தில் இருப்பதால் பேச்சு பெரிதாயிற்று. 2023 பெப்ரவரியில் எங்கள் ஊவா மாகாணத்திலேயே புத்தல, வெல்லவாயப் பக்கம் 3 என்ற அளவில் ஒன்று வந்தது. துருக்கியில் நகரங்கள் தரைமட்டமாகி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தொலைக்காட்சியில் அந்த இடிபாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் பாத்திரம் சற்றே கிணுங்கியதற்கு வீட்டை விட்டு ஓடி வந்ததில் தவறே இல்லை.

ஆனால் ஊவாவின் பூமிக்கு அசைய நடுக்கம் தேவையில்லை. மழை போதும். இந்த மலைகளின் சரிவுகளில் பல இடங்களில் நாம் பார்க்கும் மண், மேலே எப்போதோ உடைந்து வழுகி வந்து தங்கிய பழைய மண். அதற்கு அடியில் பாறை. மண்ணுக்கும் பாறைக்கும் இடையில் நீர் ஊறி அழுத்தம் கூடும்போது மண் தன் பிடியை விட்டுவிடும். காடு நின்ற காலத்தில் வேர்கள் பிடித்துக்கொண்டன, இலைகள் மழையை உடைத்தன. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அந்தக் காட்டை வெட்டினார்கள். தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைத் தம்பேதன்னையை வாங்கிய காலத்துத் துரைமார்களுக்கு, வெட்டிய மலை கரையும் என்பது தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் மலை மலையாகக் கான் வெட்ட வைத்தார்கள். கான்வெட்டுக்கென்று தனி ஆட்கள் இருந்தார்கள். மழைநீரைச் சரிவின் குறுக்கே சாய்த்து ஓடைக்குக் கொண்டுபோகும் அந்தக் கான்கள்தான் மலையின் ஆயுள். இன்று ஆள்குறைப்பில் கான்கள் தூர்ந்து கிடக்கும் தோட்டங்களைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. தேயிலைச் செடியைக் காடு மூடியிருந்தால் விளைச்சல் குறைந்ததென்று யாராவது கேட்பார்கள். கான் மூடியிருப்பதைக் கேட்க ஆளில்லை.

1986 ஜனவரியில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டு போயின. அதற்குப் பிறகுதான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த இரண்டு மாவட்டங்களின் சரிவுகளை வரைபடமாக்கத் தொடங்கியது. எது ஆபத்தான சரிவு, எது ஓரளவு ஆபத்தானது என்று வண்ணம் தீட்டிய தாள்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேறு என்ற அளவுகோலும் வந்தது. நல்ல வேலை. மனமாரச் சொல்கிறேன், இந்நாட்டில் நடந்த மிக நல்ல அறிவியல் வேலைகளில் ஒன்று அது. அந்தத் தாள்களில் அபாயம் என்று குறித்த இடங்களில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை எடுத்துப் பார்த்தால்தான் அறிவியல் முடிந்து அநியாயம் தொடங்கும் எல்லை தெரிகிறது.

கொஸ்லந்தை மீரியபெத்தை அப்படி ஓர் இடம். பண்டாரவளையிலிருந்து பூணாகலை வழியாக இறங்கினால் மலையடிவாரத்தில் வரும் தோட்டப் பிரிவு. 2005இலும் 2011இலும் இந்த இடம் ஆபத்தானது, ஜனங்களை அகற்றுங்கள் என்று எச்சரிக்கை போனது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், மலை இறங்கியது. லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள், கோயில், கடை எல்லாம் மண்ணுக்குள். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்கு வீட்டில் இருந்தவர்களும் இல்லை.

எத்தனை பேர் இறந்தார்கள்? முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள். பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. பல உடல்கள் கிடைக்கவேயில்லை. தேடுதலை நிறுத்திய பிறகு அந்த மண்மேடே அவர்களுக்குக் கல்லறையாயிற்று. ஒரு லயத்தில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாமல் இருந்தது ஏன் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளங்கும். ஒரு காம்பராவுக்குள் மூன்று தலைமுறை. ஹாலிஎலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ கதையில் அந்த நெரிசலை எழுதிப் பல பத்து வருடங்களாகின்றன. அவர் எழுதிய காம்பரா இன்னும் இருக்கிறது.

“இரண்டு தடவை சொல்லியும் ஏன் போகவில்லை?” மீரியபெத்தைக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கொழும்பில் படித்தவர்கள் வாயிலிருந்து கேட்டேன். தோட்டத்துக்கு வெளியே எங்களுடைய இனத்தவர் சிலரும் கேட்டார்கள். எங்கே போவது? லயத்துக் காம்பரா வேலையோடு ஒட்டியது. நிலம் அரசாங்கத்தினுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளுடையது. இருநூறு வருடம் இந்த மண்ணைக் கொத்தியவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு பேர்ச் நிலத்துக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. வெளியேறு என்று கடிதம் கொடுக்க முடிகிறது. இங்கே வந்து இரு, இந்த ஏழு பேர்ச் உன் பெயரில் என்று இன்னொரு கடிதம் கூடவே வர வேண்டும். அது வராத வரை முதல் கடிதம் எச்சரிக்கையாகாது. நாளைக்கு விசாரணை வந்தால் “நாங்கள் அறிவித்தோம்” என்று காட்டுவதற்கான தாள்தான் அது. அதைக் கையில் வாங்கிய தொழிலாளி மறுநாள் காலை பிரட்டுக்குப் போனான். போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளம் இல்லை.

தப்பியவர்கள் முதலில் பள்ளிக்கூடங்களில் இருந்தார்கள். பிறகு மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலை. தடுப்பு மறைத்த சிறு சிறு அறைகளில் குடும்பங்கள். இரண்டு வருடம் கழித்து 2016 ஒக்டோபரில் பூணாகலைப் பக்கம் 75 வீடுகளைக் கையளித்தார்கள். மீரியபெத்தைக்கு உலகமே இரங்கியது. தமிழ்நாட்டிலிருந்தும் குரல் வந்தது. அப்படியிருந்தும் 75 வீட்டுக்கு இரண்டு வருடம். 2023 மார்ச்சில் அதே பூணாகலைப் பகுதியில் கபரகலைத் தோட்டத்து லயங்கள்மீது மலை இறங்கியது. மறுபடியும் குடும்பங்கள் ஒரு பழைய தொழிற்சாலைக்குள் போய்ச் சேர்ந்தன.

பெரு வீதியில் மண் விழும்போது நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். விடிவதற்குள் பெக்கோ வந்துவிடும். பொலிஸ் நிற்கும், மாற்று வழி அறிவிப்பார்கள், ஒருவழிப் போக்குவரத்து தொடங்கும். தண்டவாளத்தில் பாறை விழுந்தால் ரயில்வே ஊழியர்கள் கொட்டும் மழையிலும் நின்று அகற்றுவார்கள். அவர்கள் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையே கஹகொல்லையில் நெடுங்காலம் அசைந்துகொண்டிருந்த சரிவு ஒன்று வீதியைத் தின்று வந்தது. ஜப்பானிய உதவியோடு மலைக்குள் நீள நீளக் குழாய்களைச் செலுத்தி உள்ளே ஊறும் நீரை வடியவைத்தார்கள். கோபேயின் நாட்டுக்காரர்களுக்கு அசையும் மண்ணின் குணம் தெரியும். அந்த வேலையைப் பார்க்கும்போது மகிழ்ச்சியும் துயரமும் ஒன்றாக வருகின்றன. மலையைப் பிடித்து நிறுத்த முடியும் என்பதற்கு அது சாட்சி. அறிவு இருக்கிறது, கருவி இருக்கிறது, கேட்டால் உதவ நாடுகள் இருக்கின்றன. வீதிக்கு அது கிடைத்தது. லயத்துக்குக் கிடைத்தது கடிதம்.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை உலகம் வந்து பார்க்கிறது. 1921இல் முடிந்தது. உருக்கு இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டி, 24 மீட்டர் உயரத்தில், 91 மீட்டர் நீளத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, ரயில் ஒரு குன்றைச் சுற்றி வந்து தான் புறப்பட்ட நிலையத்துக்கு அடியாலேயே சுரங்கத்தில் நுழைந்து போகும் வளையம் இருக்கிறது. 1924இல் பாதை பதுளை வரை வந்து முடிந்தது. நூறு வருடம் தாண்டியும் நிற்கிற இந்த வேலையின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் பாட்டன்மார் காலத்து உழைப்பும் அந்தக் கல்லில் இருக்கிறது. கோச்சி அந்தப் பாலத்தில் வளைந்து வரும்போது எனக்கும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் பாலத்தைக் கட்டிய அதே ஆட்சியும் அதே தொழில்நுட்பமும் கட்டியவைதான் லயங்களும். தேயிலைப் பெட்டியை ஏற்றிப் போகும் வழிக்கு நூறு வருடம் தாங்கும் கணக்குப் போட்டவர்கள், தேயிலை பறிப்பவள் படுக்கும் இடத்துக்கு அந்தக் கணக்கைப் போடவில்லை. லயம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தேயிலைக்கு உதவாத நிலம் எது என்பதே முடிவு செய்தது. ஓடையோரமும் பள்ளமும் செங்குத்துக்கு அடியும் இப்படித்தான் குடியிருப்பாயின. இது இயற்கை செய்த வேலையில்லை, மனிதர் எடுத்த முடிவு. மனிதர் எடுத்த முடிவை மனிதர் மாற்றலாம்.

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலைநாட்டு ரயில்பாதை பல இடங்களில் அறுந்து தொங்கியது. வீதிகள் காணாமல் போயின. புனரமைப்பு பற்றிப் பேசத் தொடங்கியதும் முதலில் வாயில் வந்தது வழிகள்தான். அது புரியாமல் இல்லை. வழி இல்லாமல் மருந்து வராது, மாவு வராது, பிணத்தைக்கூட எடுத்துப் போக முடியாது. அந்த நாட்களில் தோட்டங்களுக்குள் பாதை வெட்டி, சுமந்து, சமைத்துக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்து இளைஞர்களும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களும்தான். ஓக்லண்டில் ஏணியோடு ஓடி வந்தவர்களைப் பற்றி நான் எழுதியது இவர்களை நினைத்துத்தான்.

ஓக்லண்ட் மக்களால் சாலையை நகர்த்த முடிந்ததற்குக் காரணம் என்ன என்று யோசிக்கிறேன். துயரம் மட்டும் காரணம் இல்லை. துயரம் எங்களிடமும் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்காரர்கள், வாக்காளர்கள், கையெழுத்துப் போட்டால் அதற்கு ஒரு பெறுமதி உள்ள குடிமக்கள். மலையகத் தமிழரான எங்கள் ஜனங்களிடம் 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். அதை முழுதாக மீட்க 2003 வரை ஆயிற்று. வாக்கு திரும்பி வந்தது, பெரும்பாலோருக்கு நிலம் வரவில்லை. நிலம் இல்லாதவன் எந்தச் சரிவில் நிற்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள். இந்த நாட்டில் மண்சரிவைப் பற்றிய எந்தப் பேச்சும் காணி உரிமையில் போய் முட்டாவிட்டால் அது மழையைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடும்.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். அபாய வரைபடத்தில் எந்தெந்தத் தோட்டத்து எந்தெந்த லயங்கள் இருக்கின்றன என்ற பட்டியல் தமிழில், பிரட்டுக் களத்திலும் கோயில் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். வெளியேறச் சொல்லும் கடிதத்தோடு போய் இருக்க வேண்டிய இடத்தின் உறுதிப்பத்திரமும் வர வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும். எச்சரிக்கைச் செய்தி சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் தமிழில் வர வேண்டும், இரவு இரண்டு மணிக்கென்றாலும். தூர்ந்த கான்களைத் தோண்டுவதை நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடாமல் குத்தகை நிபந்தனையாக்க வேண்டும். மலைக்குள் சுரங்கம், மலைமேல் வீதி என்று இனி எது கட்டினாலும், அதன் மேலும் கீழும் குடியிருப்பவர்களின் கிணறும் சுவரும் வேலை தொடங்குவதற்கு முன்பே அளந்து பதியப்பட வேண்டும். அப்போதுதான் பிறகு வெடிப்பு எப்போது வந்தது என்று ஒரு விதவைத் தாய் அலுவலகம் அலுவலகமாக நிரூபித்துத் திரிய வேண்டியிருக்காது.

இவற்றில் ஒன்றுகூட முடியாத காரியமில்லை. 120 மெகாவாட்டுக்காக மலையைக் குடைந்த அரசுக்கு 7 பேர்ச் அளப்பது பெரிய வேலையில்லை.

வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மலைநாட்டு ரயில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது, வீதி திறந்துவிட்டது என்ற செய்தியைப் பத்திரிகையில் பார்க்கும்போது, அந்தத் தண்டவாளத்துக்கு மேல் சரிவில் இருந்த லயத்து ஜனங்கள் இப்போது எங்கே படுக்கிறார்கள் என்று உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். பிரதேச செயலகத்துக்குத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் போட்டுக் கேளுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், குடும்பங்களின் தொகை என்று எழுத்தில் பதில் வரும்வரை விடாதீர்கள்.